நாய்களின் வறண்ட தோலும் அரிப்பும்: காரணத்தைத் தேடும் வரிசை

நாய் வளர்ப்போர் கால்நடை மருத்துவரை நாடும் காரணங்களுள் தோல் நோய்கள் உலகெங்கும் முன்வரிசையில் இருக்கின்றன. அவற்றுள்ளும் ஓயாத சொறிதல், வெண்செதில் உதிர்தல், முடி கொட்டுதல் ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் நிலை எல்லோருக்கும் பழக்கமானது. தோல் வறண்டுவிட்டது, அதனால் அரிக்கிறது என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். எண்ணெய் தடவுவதும் அடிக்கடி ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுவதும் அவ்விளக்கத்திலிருந்து பிறந்த பரிகாரங்கள். ஜார்ஜ் மல்லரும் ராபர்ட் கர்க்கும் எழுதிய சிறுவிலங்குத் தோல் மருத்துவ நூல் 1969இல் வெளிவந்ததை ஒட்டித் தனித்துறையாக உருப்பெற்ற கால்நடைத் தோல் மருத்துவம், இந்த விளக்கத்தைப் பெருமளவு தலைகீழாக்கியிருக்கிறது. பெரும்பாலான நாய்களில் அரிப்பே முந்தியது. வறட்சியும் செதிலும் அதன் பின்விளைவுகள் அல்லது இரண்டுக்கும் பொதுவான வேறொரு நோயின் அறிகுறிகள்.

தமிழகச் சூழலில் இவ்வேறுபாட்டுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. குளிர்நாடுகளில் மாதக்கணக்கில் வெப்பமூட்டிய அறைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கும் நாய்க்குக் காற்றின் வறட்சியே தோல் வறட்சிக்குக் காரணமாகலாம் என்பதால், அறையில் ஈரப்பதம் கூட்டும் கருவி வைக்குமாறு அந்நாட்டு நூல்கள் பரிந்துரைக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி புழுக்கம் நிலவும் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில், குளிரூட்டிய அறையிலேயே நாள் முழுவதும் இருக்கும் சில நாய்களைத் தவிர, மற்றவற்றுக்கு அந்த விளக்கமும் பொருந்தாது, அந்தப் பரிகாரமும் பொருந்தாது. இங்கே ஒரு நாயின் தோல் வறண்டு செதிலடைந்து காணப்பட்டால், காற்றைக் குறைசொல்வதற்கு முன் பூச்சி, கிருமி, உணவு, ஒவ்வாமை ஆகியவற்றை முறையாகத் தேடவேண்டியிருக்கிறது. அத்தேடலின் வரிசையிலேயே காரணங்களைத் தொகுத்து, அதன்பின் நிவாரண முறைகளை எடைபோடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

தோலின் அமைப்பும் அரிப்பின் இயக்கமும்

நாயின் மேல்தோல், முடி அடர்ந்த பகுதிகளில், மூன்று முதல் ஐந்து உயிரணு அடுக்குகளையே கொண்டது. மனிதத் தோலில் அவ்வடுக்குகள் பத்துக்குக் குறைவதில்லை. மேல்தோலின் அடியில் பிறக்கும் அணு படிப்படியாக மேலெழுந்து, கெட்டிப்பட்டு, கண்ணுக்குத் தெரியாத துகளாக உதிர ஏறத்தாழ மூன்று வாரங்கள் பிடிக்கும். மிக மேலே உள்ள கெராட்டின் படலம் செங்கல் சுவரை ஒத்தது: உயிரற்ற தட்டை அணுக்கள் செங்கற்களாகவும், அவற்றுக்கிடையே நிறைந்துள்ள செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியன சாந்தாகவும் அமைந்து, உள்ளிருக்கும் நீர் வெளியேறாமலும் வெளியிலிருக்கும் ஒவ்வாப் பொருள்கள் உட்புகாமலும் காக்கின்றன. இச்சாந்து குறைந்தால் தோல் நீரை இழக்கிறது; தோலில் அழற்சி ஏற்பட்டால் அணுக்கள் அவசர அவசரமாகப் பிறந்து, முதிராமலே மேலே வந்து, கொத்துக் கொத்தாக உதிர்கின்றன. கண்ணுக்குப் புலப்படும் பொடுகும் செதிலும் இவ்வாறு உண்டாகின்றன.

வறட்சி தானாகவே அரிப்பை உண்டாக்கிவிடும் என்பதற்கு எதிரான சான்று கோல்டன் ரிட்ரீவர் இனத்தில் காணப்படுகிறது. இவ்வினத்தில் பரம்பரையாக வரும் இக்தியோசிஸ் என்னும் செதில் நோயில் உடலெங்கும் வெண்செதில்கள் அப்பிக் கிடந்தாலும், கிருமித் தொற்று சேராதவரை நாய் பெரும்பாலும் சொறிவதில்லை.

அரிப்பு என்பது சொறியத் தூண்டும் உணர்வு என்று ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹாஃபன்ரெஃபர் 1660இல் தந்த வரையறை இன்றும் எடுத்தாளப்படுகிறது. அவ்வுணர்வைக் கடத்துவன தோலில் முடியும் நுண்ணிய நரம்பிழைகள்; அவற்றைத் தூண்டும் வேதிப்பொருள்களுள் ஹிஸ்டமின் ஒன்று மட்டுமே. நோய் எதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-31 என்னும் புரதம் 2004இல் விவரிக்கப்பட்டது. அதை நாய்க்குச் செலுத்தினால் அரிப்பு தோன்றுகிறது என்பதும், ஒவ்வாமையுள்ள நாய்கள் பலவற்றின் இரத்தத்தில் அது காணப்படுகிறது என்பதும் 2013இல் வெளியிடப்பட்டன. மனிதருக்குக் கொடுக்கும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகள் நாயின் அரிப்பைப் பெரும்பாலும் சரிவர அடக்காததன் காரணம் இதனால் விளங்கிற்று.

மருத்துவர்கள் கையாளும் இன்னொரு கருத்து அரிப்பு வரம்பு என்பது. சில தெள்ளுப்பூச்சிக் கடிகள், சிறிது பூஞ்சைப் பெருக்கம், மிதமான தூசி ஒவ்வாமை என்பன தனித்தனியே ஒரு நாயைச் சொறியவைக்கப் போதாமல் இருக்கலாம். மூன்றும் ஒன்றுசேர்ந்து வரம்பைத் தாண்டும்போது நாய் இரவு பகலாகச் சொறிகிறது. இவற்றுள் ஒன்றிரண்டை நீக்கினாலே அரிப்பு வரம்புக்குள் இறங்கிவிடக்கூடும் என்பதால், எளிதில் நீக்கத்தக்கதை முதலில் நீக்குவது என்ற வரிசை பிறந்தது.

முதல் தேடல்: ஒட்டுண்ணிகள்

வரிசையின் தொடக்கத்தில் நிற்பது தெள்ளுப்பூச்சி. அதன் உமிழ்நீருக்கு ஒவ்வாமை கொண்ட நாய்க்குச் சில கடிகளே போதும். முதுகின் பின்பாதியிலும் வாலின் அடியிலும் உட்தொடையிலும் முடி உதிர்ந்து, தோல் தடித்துச் செதிலாகும். இவ்வகை நாய் தன்னைத்தானே ஓயாமல் கடித்துக்கொள்வதால் பூச்சி கண்ணில் படாமலே போகலாம். அந்நிலையில் வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு: நனைத்த வெள்ளைத் தாளின் மேல் நாயை நிற்கவைத்து, வாலடியிலிருந்து எதிர்மயிராகச் சீப்பால் வாரினால் கரும்பொடி உதிரும்; அது மண்ணாயின் கறுப்பாகவே கிடக்கும், பூச்சியின் எச்சமாயின் அதிலுள்ள செரித்த இரத்தம் ஈரத்தில் கரைந்து செம்பழுப்பாகப் பரவும். நாயின் மேலுள்ள வளர்ந்த பூச்சிகள் மொத்தத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான் என்பதும், எஞ்சியவை முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் பாயிலும் சோபாவிலும் தரை இடுக்கிலும் இருக்கின்றன என்பதும், நாய்க்கு மட்டும் மருந்து போட்டு வீட்டை விட்டுவிடுவோர் ஏமாறுவதற்குக் காரணம். வீட்டிலுள்ள பூனை உட்பட எல்லா விலங்குகளுக்கும் ஒரே காலத்தில் மருந்து தரவேண்டும். ஆனால் நாய்க்குரிய பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கு நஞ்சு என்பதால் பூனைக்கு உரியதை மருத்துவரிடம் தனியே கேட்டுப் பெறவேண்டும்.

உண்ணியால் வரும் அரிப்பு பெரும்பாலும் கடிபட்ட இடத்தோடு நின்றுவிடும். எனினும் வெப்ப நாடுகளில் பெருகும் பழுப்பு நாய் உண்ணி எர்லிக்கியா, பபீசியா ஆகிய இரத்தக் கிருமிகளைப் பரப்புவதால் அதைத் தோல் பிரச்சினையாக மட்டும் கருதலாகாது. வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கிச் சுவர் வெடிப்பிலும் கதவிடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதால், இங்கும் வீட்டைச் சேர்த்தே துப்புரவாக்கவேண்டும்.

சொறி எனப் பொதுவாக வழங்கப்படும் நோய் உண்மையில் இருவேறு நுண்பேன்களால் வருவது. சார்காப்டிஸ் தோலைத் துளைத்து வாழ்ந்து, நாய்களுக்கு வரும் அரிப்புகளுள் மிகக் கொடியதை உண்டாக்குகிறது. காதுமடல் விளிம்பு, முழங்கை, பின்னங்கால் மூட்டு ஆகிய இடங்களில் மஞ்சட் செதில் படியத் தொடங்கும். காதுமடலின் விளிம்பை விரல்களுக்கிடையே மடித்துத் தேய்த்தால், அதே பக்கத்துப் பின்னங்கால் காற்றில் சொறிவது போல் தானாக அசைவது இந்நோய்க்கு வலுவான குறி. இது நாய்க்கு நாய் எளிதில் தொற்றும். வளர்ப்போரின் கையிலும் வயிற்றிலும் தற்காலிகமாக அரிக்கும் தடிப்புகளை உண்டாக்கும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தாலும் பேன் பலமுறை அகப்படுவதில்லை என்பதால், ஐயம் இருந்தாலே சிகிச்சை தந்து பார்ப்பது ஏற்கப்பட்ட முறை. இதற்கு மாறாக, டெமோடெக்ஸ் முடிக்கால்களில் வாழ்வது. குட்டி பிறந்த முதல் நாட்களில் தாயிடமிருந்து வருவது. நலமான நாயிலும் சிறிதளவு இருப்பது. எதிர்ப்பாற்றல் குன்றியபோது அது பெருகி முடியை உதிர்க்கிறது. தொடக்கத்தில் அரிப்பு அநேகமாக இருக்காது, மனிதருக்குத் தொற்றுவதுமில்லை.

2013ஆம் ஆண்டையொட்டிப் புழக்கத்துக்கு வந்த ஆஃபாக்சோலேனர், ஃப்ளூராலேனர் முதலான ஐசாக்சசோலின் வகை மாத்திரைகள் தெள்ளுப்பூச்சி, உண்ணி, இருவகை நுண்பேன் ஆகிய அனைத்துக்கும் பயன்படுவதால் இத்தேடலின் முதற்படியைப் பெரிதும் எளிதாக்கியுள்ளன. வலிப்பு போன்ற நரம்புக் கோளாறுகள் சில நாய்களில் தோன்றக்கூடும் என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்ததால், வலிப்பு வரலாறுள்ள நாய்க்கு மருத்துவர் அறியாமல் இவற்றைத் தரலாகாது. இந்தியாவில் நெடுங்காலமாக வழங்கும் ஐவர்மெக்டின், காலி போன்ற மேய்ப்பு இன நாய்களுக்கு ஆபத்தாகலாம். மூளைக்குள் மருந்து புகாமல் காக்கும் எம்டிஆர்-1 மரபணுவின் பழுதே அதற்குக் காரணம் என்பதை வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேத்ரினா மீலி குழுவினர் 2001இல் நிறுவினர்.

இரண்டாம் தேடல்: கிருமியும் பூஞ்சையும்

சொறிந்து புண்ணான தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்னும் பாக்டீரியமும் மலசீசியா என்னும் ஈஸ்ட் பூஞ்சையும் பெருகுகின்றன. இரண்டும் நலமான தோலிலும் குடியிருப்பவையே. முன்னது சிறு கொப்புளமாகத் தொடங்கி, உடைந்தபின் ஓரத்தில் செதில் வளையம் கொண்ட வட்டமாகப் படர்கிறது. அவ்வட்டத்தைப் படர்தாமரை என்று எண்ணி மருந்துக்கடைக் களிம்பைத் தடவுவது பரவலான பிழை. அக்களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அரிப்பு இரண்டு நாள் அடங்கி, தொற்று அடியில் வளரும். பின்னது தோல் மடிப்பு, காது, கால்விரல் இடுக்கு, அக்குள் ஆகிய ஈரமான இடங்களை நாடும். தோல் பிசுபிசுத்து, புளித்த நெடி வீசி, நாட்பட்டால் கருத்துத் தடித்துப்போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நனைந்த முடி காயாமல் இருப்பது இப்பூஞ்சைக்கு உகந்த நிலையைத் தருகிறது. ஒளிபுகும் ஒட்டுநாடாவைத் தோலில் அழுத்தி எடுத்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனை இவ்விரண்டையும் சில நிமிடங்களில் காட்டிவிடும்.

நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் வகைகள் பல நாடுகளில் பெருகிவருவதால், தொற்று மேலோட்டமாக இருக்கும்வரை மாத்திரையைத் தவிர்த்து மருந்து ஷாம்புவால் சமாளிப்பதே இன்றைய பரிந்துரை. 2 விழுக்காடு க்ளோர்ஹெக்சிடினும் 2 விழுக்காடு மைக்கனசோலும் கலந்த ஷாம்பு மலசீசியாவுக்கு வலுவான சான்று பெற்றது.

மூன்றாம் தேடல்: உணவு

உணவு இரு வழிகளில் தோலைப் பாதிக்கிறது: குறைவினால் ஒன்று, ஒவ்வாமையினால் மற்றொன்று. கொழுப்பே இல்லாத உணவை உண்ட எலிகளின் தோல் செதிலடைவதை 1929இல் ஜார்ஜ் பர்ரும் மில்ட்ரெட் பர்ரும் கண்டறிந்ததிலிருந்து இன்றியமையாக் கொழுப்பு அமிலங்கள் என்ற கருத்து உருவாயிற்று. தோலின் நீர்காப்புப் படலத்துக்கு லினோலியிக் அமிலம் தேவை என்பது நாய்க்கும் பொருந்தும். பால்சோறு, தயிர்சோறு, பிஸ்கட்டு ஆகியவற்றிலேயே வளரும் நாய்க்குப் புரதம், லினோலியிக் அமிலம், துத்தநாகம் ஆகிய மூன்றும் குறைவாகக் கிடைக்கின்றன. தானியங்களிலுள்ள பைட்டேட், கிடைக்கும் துத்தநாகத்தையும் குடல் ஏற்காதபடி தடுக்கிறது. இத்தகைய நாயின் முடி மங்கி முறிந்து, தோல் உண்மையாகவே வறண்டிருக்கும். வறட்சியே மூலமாக இருக்கும் அரிய நிலைகளுள் இது ஒன்று என்பதால், முட்டை, இறைச்சி, மீன் சேர்ந்த சமன்செய்த உணவுக்கு மாற்றுவதே இங்கு மருந்து.

ஒவ்வாமை வேறு. நலமான உணவே ஆனாலும் அதிலுள்ள ஒரு புரதத்தை உடல் பகையாகக் கருதும்போது, ஆண்டு முழுவதும் அரிப்பும், திரும்பத் திரும்பக் காதுத் தொற்றும், சில நாய்களில் வயிற்றுக்கோளாறும் தோன்றும். முன்வெளியான ஆய்வுகளில் இடம்பெற்ற 297 நாய்களைத் தொகுத்து 2016இல் வெளியான மதிப்பாய்வில் மாட்டிறைச்சி 34 விழுக்காடும், பால்பொருள் 17 விழுக்காடும், கோழி 15 விழுக்காடும், கோதுமை 13 விழுக்காடும் காரணமாகக் காணப்பட்டன. தமிழக வீடுகளில் நாய்க்கு நாள்தோறும் வைக்கும் பாலும் கோழியும் கோதுமை பிஸ்கட்டும் இப்பட்டியலில் இருப்பது கவனிக்கத்தக்கது. இரத்தம், உமிழ்நீர், முடி ஆகியவற்றைக் கொண்டு உணவு ஒவ்வாமையைக் கண்டறிவதாகச் சொல்லும் சோதனைகள் நம்பத்தக்கவையல்ல. நாய் அதுவரை உண்ணாத ஒரு புரதத்தையோ, நுண்துண்டுகளாகப் பகுக்கப்பட்ட புரத உணவையோ மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதே வழி. அக்காலத்துக்குள் உணவு ஒவ்வாமையுள்ள நாய்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் குணம் தெரியும். பின்பு பழைய உணவைத் திரும்பக் கொடுத்து அரிப்பு மீள்வதைக் கண்டால்தான் முடிவு உறுதியாகும். வீட்டிலுள்ள ஒருவர் பரிவோடு ஒரு பிஸ்கட்டை நீட்டினாலும் அதுவரையிலான முயற்சி வீணாகலாம் என்பதால், இச்சோதனையின் வெற்றி குடும்பத்தார் எல்லோரும் ஒத்துழைப்பதைப் பொறுத்தது.

நான்காம் தேடல்: சூழல் ஒவ்வாமை

மேற்கூறியவற்றை விலக்கியபின் எஞ்சுவது பெரும்பாலும் அட்டோப்பிக் தோல் அழற்சி. வீட்டுத்தூசிப் பேன், மகரந்தம், பூஞ்சைத்துகள் ஆகியவற்றுக்கு மரபுவழியில் வரும் மிகையெதிர்ப்பு இது. நாய்களில் பத்தில் ஒன்றுக்கு இது இருக்கலாம் என்பது அடிக்கடி எடுத்தாளப்படும் மதிப்பீடு. பெரும்பாலும் மூன்று வயதுக்குள் தொடங்கி, முன்பாதம், காது, முகம், அக்குள் ஆகியவற்றைத் தாக்கும். முன்பாதங்களை நக்கி நக்கி முடி செந்நிறம் ஏறியிருப்பது வழக்கமான குறி. லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், பக், ஜெர்மன் ஷெப்பர்டு இனங்களில் இது மிகுதி. இந்நாய்களின் மேல்தோற் பூச்சு பிறப்பிலேயே குறைபட்டிருப்பதும் காணப்படுவதால், வறட்சியும் அரிப்பும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழலுக்கு இதுவே தெளிவான உதாரணம். இதைத் தனியே உறுதிசெய்யும் சோதனை எதுவும் இல்லை. ஊசிச் சோதனையும் இரத்தச் சோதனையும் எந்தப் பொருளுக்கு எதிராகத் தடுப்பூசி தயாரிப்பது என்று தேர்வதற்கே உதவுகின்றன. அவ்வாறு ஒவ்வாப்பொருளைச் சிறுசிறு அளவில் செலுத்திப் பழக்கும் முறையை, இலையுதிர்கால மகரந்த ஒவ்வாமையுற்ற ஒரு நாய்க்குத் தாம் கையாண்டதை அமெரிக்க மருத்துவர் விட்டிக் 1941இல் எழுதினார். பலன் முழுதும் தெரிய ஓராண்டு ஆகலாம்.

இந்நான்கிலும் அடங்காத காரணங்களும் உண்டு: நடுவயதுக்கு மேல் முதன்முறையாகத் தோல் வறண்டு, அரிப்பின்றி முடி கொட்டி, உடல் பருத்துச் சோம்பலும் சேர்ந்தால் தைராய்டு குறைவையும், தாகமும் சிறுநீரும் மிகுந்தால் அட்ரினல் மிகைச் சுரப்பையும் இரத்தப் பரிசோதனையால் தேடவேண்டும்.

நிவாரணம்: குளியல், எண்ணெய், மருந்து

காரணம் தேடும் நாட்களிலும் நாய்க்கு ஆறுதல் வேண்டும். ஆறுதல் தரும் வழிகளுள் பாதுகாப்பானது முறையான குளியல். தோலில் படிந்த ஒவ்வாப் பொருளையும் கிருமியையும் செதிலையும் அது ஒருங்கே நீக்குகிறது. தண்ணீர் குளிர்ந்தோ மிக இளஞ்சூடாகவோ இருக்கவேண்டும். சூடு அரிப்பைக் கூட்டும். மருந்து ஷாம்பு போட்டவுடன் அலசிவிட்டால் பயனில்லை: முடியை முழுதும் நனைத்து, ஷாம்புவைத் தோல்வரை தேய்த்து, கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, நுரை எச்சம் இல்லாமல் அலசி, துண்டால் ஒற்றியெடுக்கவேண்டும். தொற்று உள்ளபோது வாரம் இருமுறையும், அடங்கியபின் வாரம் ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ போதும். மனிதர் தேய்க்கும் காரச் சோப்பு நாய்த்தோலின் எண்ணெய்ப் பசையை உரித்துவிடும். குளித்த ஈரத்தின் மேல் ஓட்ஸ் சாறு, கிளிசரின், செராமைடு கலந்த பூச்சுகளைத் தெளிப்பது நீரிழப்பைக் குறைக்கும்.

தேங்காய் எண்ணெயை மெல்லப் பூசினால் மேற்செதில் இளகும். ஆனால் அதில் லினோலியிக் அமிலம் மிகக் குறைவு என்பதால், உணவில் சேர்த்துக் குறையை ஈடுசெய்யச் சூரியகாந்தி எண்ணெயும் நல்லெண்ணெயும் ஏற்றவை. மலசீசியா எண்ணெய்ப் பசையை உண்டு வாழ்வதால், பிசுபிசுத்து நெடி வீசும் தோலில் எந்த எண்ணெயும் நோயை வளர்க்கக்கூடும். அழற்சியைத் தணிக்க மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 அமிலங்கள் உதவும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கொடுத்தபின்பே பலனை மதிப்பிடமுடியும். வேப்பெண்ணெயும் மஞ்சளும் ஓரளவு கிருமி அடக்கும் இயல்புடையவை என்றாலும், நாய் நக்கி விழுங்கும் என்பதை மறக்கலாகாது. சொறிநாய்க்குப் பழைய எஞ்சின் ஆயிலும் மண்ணெண்ணெயும் தடவும் வழக்கம் அறவே ஒழியவேண்டும். அவை தோலைப் புண்ணாக்குவதோடு, நக்குவதன்மூலம் உட்சென்று நுரையீரலையும் ஈரலையும் கெடுக்கின்றன. நீர்க்காமல் ஊற்றும் டெட்டாலும் அவ்வாறே தீங்கானது.

மருந்துகளுள் ஸ்டீராய்டு மலிவானது, விரைவானது. குறுகிய காலத்துக்கு ஏற்றது. மாதக்கணக்கில் தொடர்ந்தால் தாகமும் பசியும் மிகுந்து, தோலே மெலிந்து, தொற்று பெருகும். 2013இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஓக்ளாசிட்டினிப் மாத்திரை இன்டர்லூக்கின்-31 தரும் தூண்டலை அணுவுக்குள்ளேயே தடுக்கிறது. ஓராண்டு நிரம்பாத நாய்க்கு அது ஆகாது. லோக்கிவெட்மாப் ஊசி அப்புரதத்தையே பிடித்து முடக்கி, ஏறத்தாழ ஒரு மாதம் அரிப்பை அடக்குகிறது. இவை இரண்டும் அரிப்பை அடக்குவனவே தவிர, சார்காப்டிஸையோ மலசீசியாவையோ கொல்வதில்லை. காரணம் தேடாமல் இவற்றைத் தொடங்கினால் நோய் மறைந்து வளரும்.

தொகுத்து நோக்கின், இத்துறையின் மிகப் பெரிய முன்னேற்றம் புதிய மருந்துகளைவிட, பூச்சி, கிருமி, உணவு, சூழல் என்ற வரிசையே எனலாம். இவ்வரிசையின் முதலிரு படிகள் செலவு குறைந்தவை. சீப்பு, ஒட்டுநாடா, சுரண்டல் சோதனை, முறையான குளியல் ஆகியவற்றுக்கு மேல் அதிகம் வேண்டுவதில்லை. பெரிய மருத்துவமனை இல்லாத ஊரிலும், நுண்ணோக்கி உள்ள கால்நடை மருந்தகத்தில் அவற்றைச் செய்துவிடலாம். அங்கேயே நோய் பிடிபடும் நாய்களுக்கு, விலைமிக்க ஒவ்வாமைச் சோதனைகளும் ஆயுள்முழுதும் தொடரும் மருந்துகளும் தேவைப்படுவதில்லை. தோல் சிவந்து நீர் வடிதல், துர்நாற்றம், சோர்வு, உண்ணாமை, வீட்டாருக்கும் அரிப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் வீட்டுப் பரிகாரத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லவேண்டும். அட்டோப்பிக் நோய்போல் தீராமல் உடன்வரும் நிலைகளிலும், அரிப்பை வரம்புக்குக் கீழே வைத்திருப்பது அடையத்தக்க இலக்கு. அதை அடைவோர், முன்படிகளைத் தாண்டிக் குதிக்காமல் ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு அடுத்ததற்குச் செல்பவர்களே.